போய் வரும் நேரம்

பீரோவுக்குள் டப்பாவை வைத்துக் கதவைச் சாத்திக் கைப்பிடியைத் திருகினதும் நாகமணி மனசுக்குள் தூளியை ஆட்டத் தொடங்கிவிட்டாள். தூளி அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் திரும்பி வந்தால் ஒன்று. நொடி முள்ளைப் பார்த்து எண்ண அவளுக்கு வராது, அது ஓடுகிற ஓட்டத்தில் கண் வழுக்கிவிடும். தூளி அப்படியில்லை, பதினாலு மாசமாக ஆட்டின கை, தானாக எண்ணிக்கொள்ளும். பீரோவின் சாவித் துவாரம் வழியாக ஒரு ஒயர் வெளியே வந்து மேசைமேல் இருக்கிற குட்டித் திரையில் முடிகிறது. திரைக்குமேல் இரண்டு விளக்கு. டப்பா ஒரு சேதியை அனுப்பினால் சிவப்பு மின்னும். அந்தச் சேதி ஆகாசத்தில் ஏறி எங்கேயோ இருக்கிற கம்ப்யூட்டரைத் தொட்டு, வந்து சேர்ந்தது என்று பதில் திரும்பினால் பச்சை மின்னும். சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று திரையில் ஒரு நம்பர் விழும். அதை நோட்டில் எழுதுவதும், டப்பாவையும் திரையையும் தூக்கிக்கொண்டு நாலு மாடியும் நடப்பதும், சிக்னல் செத்துப்போகிற மாதிரி இந்த இரும்பு பீரோவுக்குள் வைத்து மூடித் திறப்பதும்தான் அவள் வேலை. ஒரு நொடியை ஆயிரம் கூறு போட்டு அதில் எத்தனை கூறு என்று கணக்காம். ஜன்னலோரம் இரண்டாயிரத்து இருநூறு. மாடிப்படி வளைவில் இரண்டாயிரத்து அறுநூறு. லிஃப்ட் முன்னால் மூவாயிரம். மலைமேல் இருக்கிற ஊர்களுக்குப் போகப்போகிற டப்பா, அங்கே பழைய லைன்தான் கிடைக்கும் என்று வேண்டுமென்றே மெதுவான லைனில் போட்டிருக்கிறார்கள். பீரோவுக்கு வெளியே எங்கே வைத்தாலும் ஒரு தூளி ஆட்டத்துக்குக் குறைந்து இதுவரைக்கும் பச்சை வந்ததில்லை. ஆறு மாசம் முன்னால் இதே தரையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் அவள். ஆள் இல்லாத ஒரு நாள் தினகரன் சார் டப்பாவை நீட்டி, 'சித்த இதைத் தூக்கிட்டு ஒரு சுத்து வர்றீங்களா' என்றார். வந்தாள். எங்கெங்கே நின்றாள், எங்கே விளக்கு தவறியது என்று ஒன்று விடாமல் சொன்னாள். சொன்னது என்ன, அவர் கேட்கக் கேட்கத் தலையை ஆட்டினாள், விரலைக் காட்டினாள். அதிலிருந்து மாப்புக் குச்சி போய் நோட்டு வந்தது. ஆறாவதோடு நின்ற கைதான், இருந்தாலும் நம்பர் அவளிடம் குண்டு குண்டாக, ஒன்றையொன்று இடிக்காமல் நிற்கும்.

ஒன்று, இரண்டு, மூன்று. பச்சை வரவில்லை. வராது, பீரோ மூடியிருக்கிறது. மணி பதினொன்று ஆகப் பத்து நிமிஷம் இருக்கிறது, கீழே பிள்ளைகள் காப்பகத்திலிருந்து பதில் சீட்டு வரவில்லை. முதுகுக்குப் பின்னால் தினகரன் சார் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தட்டச்சு செய்கிறார். இன்றைய ஓட்டம் பத்து மணிக்குத் தொடங்கியது, பன்னிரண்டரை வரைக்கும் ஒரு நிமிஷம்கூட நிற்கக் கூடாது, சாயங்காலம் இந்த நம்பர்களை வைத்துத்தான் டப்பா தேறியதா இல்லையா என்று பேசப்போகிறார்கள். 'இன்னிக்கு மட்டும் லீவு போட்டுறாதீங்க நாகமணி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்' என்று நேற்றே சொல்லிவிட்டார். திங்கட்கிழமை பாதியில் போனதுக்கே மேனேஜர் மூஞ்சியைத் தூக்கினார். தினகரன் சார்தான் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அவளுக்கு இதையெல்லாம் விளங்கச் சொன்னவர். 'இது ஒண்ணும் பெரிய வித்தை இல்லீங்க. ஒரு சேதி போய்ட்டு வர எவ்வளவு நேரம் ஆச்சுன்னு டப்பா பாத்துக்கிட்டே இருக்கும். அதை வெச்சுத்தான் அடுத்ததுக்கு எவ்வளவு நேரம் பொறுக்கலாம்னு முடிவு பண்ணும். நேரம் கூடிட்டே போச்சுன்னா ரோட்டுல நெரிசல்னு அர்த்தம், தன்னோட வேகத்தைக் குறைச்சுக்கும். பொறுத்துப் பாத்தும் பதிலே இல்லேன்னா தொலஞ்சு போச்சுன்னு அதையே மறுபடி அனுப்பும்.' அவள் தலையாட்டினாள். 'ஒரு தடவை லேட்டானதுக்கெல்லாம் பதறாது. எட்டுப் பங்குல ஏழு பங்கு பழைய நெனப்பு, ஒரு பங்குதான் புதுச் சேதி. கலந்து முடிவு பண்ணும். சீக்கிரமா வந்துட்டா மட்டும் ஒடனே நம்பிரும்.' அதற்கும் தலையாட்டினாள். 'அட, டப்பாவாவது பச்சை விளக்கு காட்டுது, நீங்க அதுகூடக் காட்ட மாட்டீங்கறீங்களே' என்று சிரித்தார், அவளுக்குக் காது வரைக்கும் சூடேறிப் போயிற்று. ஏழு பங்கு பழசு, ஒரு பங்கு புதுசு. மனசு அப்படி இருந்தால் எவ்வளவு நிம்மதி. மகள் கனிஷ்கா பிறந்த பதினாலு மாசத்தில் நன்றாயிருந்த நாள் எத்தனை, சிரித்த நாள் எத்தனை, ஈரத் தரையில் சளக் சளக்கென்று தட்டி விளையாடின நாள் எத்தனை. போன மாசம் ஒரு மத்தியானம் வந்தது, வந்து எட்டுப் பங்கையும் தின்றுவிட்டது.

அன்றைக்கும் சாதாரணக் காய்ச்சல்தான். மடியில் போட்டுக்கொண்டு முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். குழந்தையின் கை அவள் தாலிக்கயிற்றைப் பிடித்திருந்தது, அந்தப் பிடி திடீரென்று இறுகியது. குனிந்து பார்த்தால் கண்ணில் கறுப்பே இல்லை. வெள்ளை. வாயோரம் நுரை. பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து பீரோச் சாவிக் கொத்தைக் குழந்தை கையில் திணித்தாள், இரும்பு பட்டால் நிற்கும் என்று. நின்றது, சாவியால் நின்றதோ தானாக நின்றதோ. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: 'எத்தனை நிமிஷம் இருந்துச்சு?' அவளுக்குத் தெரியவில்லை. ஒரு நிமிஷமோ ஒரு யுகமோ. 'என்னம்மா நீ, பெத்தவ, நேரத்தைப் பாக்கலியா? அஞ்சு நிமிஷத்துக்கு மேல போனா மூளைக்கு ஆகாது, தெரியுமா?' என்றார். தெரியாது. கீரை ஆய்ந்த விரல் பச்சையாக இருந்தது, அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். காய்ச்சலை ஏற விடாதே, ஏறினால் மருந்து ஊத்து, ஈரத்துணியால் துடை, மருந்து நாலு மணி நேரம் தாங்கும். அதிலிருந்துதான் எதற்கெடுத்தாலும் எண்ணுகிற பழக்கம். பால் குடித்தால் மடக்கு எண்ணுவாள். தூங்கினால் மூச்சு எண்ணுவாள். நேற்று ராத்திரி மறுபடி உடம்பு சுட்டது, காலையில் ஏழு மணிக்கு மருந்து ஊத்தினாள், எட்டரைக்கு உடம்பு ஜில்லென்று ஆகிவிட்டது, ஆனதைப் பார்த்துத்தான் துணிந்து தூக்கிவந்தாள். புருஷன் சென்னியப்பன் லாரியில் நாகபுரி பக்கம் போயிருக்கிறான், வீட்டில் வேறு ஆள் இல்லை. கட்டடத்தின் பின்பக்கம், வண்டி நிறுத்துகிற இடத்தைத் தாண்டி, வேலைக்கு வருகிறவர்களின் பிள்ளைகளுக்கென்று ஒரு காப்பகம். ருக்மணியம்மா பார்த்துக்கொள்கிறார். மருந்து பாட்டிலையும் கொடுத்துத்தான் வந்தாள், ஆனால் அங்கே ஒரு சட்டம்: 'இந்தா கண்ணு, பெத்தவ கையெழுத்துப் போடாம ஒரு சொட்டு மருந்து நான் ஊத்த மாட்டேன். போன வருசம் ஒருத்தி என்னயப் படுத்தின பாடு போதும்.' ஏழும் நாலும் பதினொன்று. பதினொன்றுக்கு மேல் அந்தச் சின்ன உடம்பைக் காக்க மருந்து இல்லை.

இந்த அறைக்குள் செல்போன் வரக் கூடாது. அதன் அலை டப்பாவின் அலையில் விழுந்தால் கணக்கு கெடும் என்று வாசலில் பலகை. அவள் போன் கீழே வாட்ச்மேன் மேசையில் கிடக்கிறது, ருக்மணியம்மா பிள்ளைகள் தூங்குகிற நேரம் தன் போனை அணைத்துவிடுவார். ஆகவே இங்கே பிள்ளை பெற்ற பொம்பளைகளுக்கெல்லாம் சீட்டுதான். டீக்காரி சாந்தாமணியக்காளிடம் சீட்டைக் கொடுத்தால், காலி டம்ளரோடு கீழே போய், கழுவி, காப்பகத்துக்குப் பால் கொண்டுபோகும்போது கொடுத்து, பதில் வாங்கி, அடுத்த சுற்று டீயோடு ஏறி வருவாள். வாங்கிப் போவதற்கும் கொண்டுவருவதற்கும் நடுவே எப்படியும் அரை மணிக்குக் குறையாது. காலையில் ஒன்பதே முக்காலுக்கு, ஓட்டம் தொடங்கும் முன்பே, முதல் சீட்டைக் கொடுத்துவிட்டாள். 'ஜுரம் இருக்குதுங்களா அம்மா?' அவ்வளவுதான் எழுதியிருந்தது. சாந்தாமணியக்கா அதை இடுப்பில் சொருகிக்கொண்டே, 'ஏம் புள்ள, வாயைத் தொறந்து சார்கிட்ட ஒரு பத்து நிமிசம் கேட்டா முத்தா உதுந்துரும்? எல்லாத்துக்கும் சீட்டு. உன்ற கல்யாணத்துக்கும் சீட்டுலதான் செரின்னு எழுதிக் குடுத்தியா?' என்றாள். எழுதிக்கூடக் கொடுக்கவில்லை, தலைதான் ஆட்டினாள், அதைச் சொன்னால் இன்னும் சிரிப்பாள். பத்தேகால் ஆயிற்று. பத்தே முக்கால் ஆயிற்று. வாசலில் சிவப்பு பல்பு எரிகிறவரைக்கும் யாரும் உள்ளே வரக் கூடாது, டீ டம்ளரை வெளியே முக்காலியில் வைத்து மூடிவிட்டுப் போவாள், சீட்டு டம்ளருக்கு அடியில் இருக்கும். பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது எட்டிப் பார்த்தாள், முக்காலி வெறுமனே கிடந்தது. பொறுத்துப் பார்த்தும் பதில் இல்லையென்றால் என்ன செய்யும் டப்பா? அதையே மறுபடி அனுப்பும். பதினொன்று ஐந்துக்கு டப்பாவோடு லிஃப்ட் முன்னால் போய் நிற்கிற முறை வந்தது. நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து, அதே வார்த்தையை மறுபடி எழுதி, லிஃப்ட் ஓட்டுகிற மயில்சாமியண்ணனிடம் நீட்டினாள். 'காப்பகத்துக்குங்களா? கூட்டமா இருக்குது தாயி, ஒவ்வொரு மாடிலயும் நிப்பாட்டுறாங்க. எறங்குனதும் குடுத்தர்றேன்' என்று பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். திரையில் மூவாயிரத்து நூறு. எழுதினாள்.

அறைக்குத் திரும்பி உட்கார்ந்து ஒரு நம்பர்கூட முழுசாக எழுதவில்லை, வெளியே முக்காலியில் டம்ளர் வைக்கிற சத்தம். கதவை ஒரு சாண் திறந்து எடுத்தாள். அடியில் சீட்டு. ருக்மணியம்மாவின் பென்சில் எழுத்து, கொம்பெல்லாம் வளைந்து: 'ஜுரம் இல்லை. பால் குடித்தாள். தூங்குகிறாள்.' அவ்வளவுதான், மார்பில் உட்கார்ந்திருந்த அம்மிக்கல்லை யாரோ தூக்கி ஓரமாக வைத்தார்கள். ஜுரம் இல்லை. பதினொன்று தாண்டியும் இல்லை. மருந்து இறங்கின பிறகும் ஏறவில்லை. அப்படியானால் விட்டுவிட்டது, நேற்று ராத்திரியோடு போயிற்று, பல் முளைக்கிற காய்ச்சலாகத்தான் இருக்கும், ஈறு வீங்கித்தானே இருந்தது, சும்மா கிடந்து தவித்தேன், இதற்குப் போய் மாரியாத்தாளுக்கு வேறு வேண்டிக்கொண்டேன். இஞ்சி டீ தொண்டையில் இறங்க இறங்க உடம்பு முழுக்க வெதுவெதுவென்று ஆயிற்று. மயில்சாமியண்ணன் கையில் கொடுத்தால் எவ்வளவு சீக்கிரம், இனிமேல் அவர்கிட்டேயே கொடுக்கலாம். சீட்டை மடித்து இடுப்பில் சொருகினாள். தினகரன் சார் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். 'அட, சிரிக்கறீங்களா? பச்சை விளக்கு எரியுதுங்க!' அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பீரோவுக்குள் டப்பாவை வைத்தாள். சாத்தினாள். தூளியை ஆட்டினாள். ஆனால் இப்போது ஆட்டுகிற கையில் அவசரம் இல்லை, தூளிக்குள் குழந்தை தூங்குகிறது, கால் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, உள்ளங்காலில் மை பூசின திருஷ்டிப் பொட்டு.

மூடுவதற்குச் சற்று முன்னால் சிவப்பு மின்னியிருந்தது. அது கிளம்பிப்போன சேதி. பச்சை இல்லை. இரண்டு ஆட்டம், மூன்று, நாலு. டப்பா பொறுத்துப் பார்த்தது. பதிலுக்கு இவ்வளவு நேரம் பொறுக்கலாம் என்று அதற்குள் ஒரு கணக்கு, அந்தக் கணக்கு தீர்ந்ததும் தொலைந்தது என்று எண்ணிக்கொண்டு அதே சேதியை மறுபடி அனுப்பப்போகிறது. ஐந்தாவது ஆட்டம் முடிகிற நேரம், எழுதிக்கொடுத்த முறைப்படி அவள் பீரோக் கதவைத் திறந்தாள். திறந்ததும் சிவப்பு. சிவப்போடு சிவப்பாக, கண் இமைக்கவில்லை, பச்சை. இரண்டும் சேர்ந்தே மின்னின மாதிரி. திரையில் நாற்பது. தினகரன் சார் நாற்காலியோடு உருண்டு வந்தார். 'நாப்பதா! பாத்தீங்களா நாகமணி, லைன் எப்படிப் பறக்குதுன்னு! எழுதுங்க, எழுதுங்க.' எழுதினாள். மேலே இரண்டாயிரங்களும் மூவாயிரங்களும் வரிசையாக நிற்க, கீழே ஒல்லியாக, பந்தியில் தப்பி வந்து உட்கார்ந்தவன் மாதிரி, நாற்பது. அதன்பிறகு டப்பாவுக்குப் பேய் பிடித்தது. சிவப்பு, சிவப்பு, சிவப்பு. பதிலுக்குப் பொறுக்கவே இல்லை, அனுப்பினதையே அனுப்பியது, பச்சை ஒன்று வருவதற்குள் சிவப்பு நாலு போயிற்று. நம்பர்கள் ஐயாயிரம், ஏழாயிரம் என்று ஏறின. 'இப்பத்தானே நல்லா இருந்துச்சு' என்று அவர் தலையைச் சொறிந்தார். 'நேத்தும் இப்படித்தான், பீரோவைத் திறந்ததும் சூப்பரா ஒரு நம்பர், அப்புறம் நெரிசல். எங்கிருந்துதான் வருதோ இந்த நெரிசல்.' அவள் பென்சிலைப் பிடித்தபடியே நாற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது. வெளியே எங்கே வைத்தாலும் ஒரு தூளி ஆட்டத்துக்குக் குறைந்து வந்ததே இல்லை. ஜன்னலோரம் வைத்தால்கூட வராது. பெருவிரலை நகர்த்துகிற நேரத்தில் ஒரு சேதி ஆகாசம் ஏறி இறங்குமா? அது அந்தச் சேதியின் பதில் இல்லை. முதலில் போனதே, மூடுகிறதுக்கு முன்னால், அதற்கு வந்த பதில். வெளியே வந்து பீரோக் கதவு எப்போது திறக்கும் என்று காத்துக்கொண்டு நின்றிருக்கிறது. திறந்ததும் நுழைந்தது. நுழைகிற நேரம் பார்த்து டப்பா இரண்டாவது தரம் கேட்டது. கேட்ட வாய் மூடுவதற்குள் பதிலைப் பார்த்ததும், அடேயப்பா இவ்வளவு சீக்கிரமா என்று நம்பிவிட்டது. நம்பினதால் இனிமேல் எல்லாப் பதிலும் நாற்பதில் வரும் என்று எதிர்பார்க்கிறது, வராததையெல்லாம் தொலைந்தது என்று நினைக்கிறது, பைத்தியமாக அனுப்புகிறது. ரோட்டில் வேறு யாருமில்லை. நெரிசலே அதுதான்.

கை தானாக இடுப்புக்குப் போயிற்று. சீட்டு. மயில்சாமியண்ணன் சீட்டை வாங்கினது பதினொன்று ஐந்து. கூட்டம், ஒவ்வொரு மாடியிலும் நிற்கும். இறங்கி, வண்டிகளைத் தாண்டி, ருக்மணியம்மா கண்ணாடியைத் தேடி மாட்டி, எழுதி, அதைச் சாந்தாமணியக்கா வாங்கி, நாலு மாடி ஏறி. முக்காலியில் டம்ளர் வைக்கும்போது மணி என்ன, பதினொன்று பத்துகூட இல்லை. ஐந்து நிமிஷம். அரை மணிக்குக் குறைந்து வந்ததே இல்லை. சீட்டை எடுத்து விரித்தாள். ஓரமெல்லாம் வியர்வையில் நைந்து, மடிப்பில் எழுத்து மங்கி, டீத்தூள் ஒட்டியிருந்தது. புதுசாக எழுதி வந்த சீட்டு இப்படி இருக்குமா? பால் குடித்தாள் என்று இருக்கிறது. காப்பகத்தில் பால் பத்து மணிக்கு. பத்து மணிக்கு எழுதின சீட்டு. மூன்றாவது மாடியில் இன்றைக்கு யாரோ விருந்தாளிகள், சாந்தாமணியக்காளை அங்கேயே பிடித்து நிறுத்தியிருப்பார்கள், ஒரு மணி நேரம் அவள் இடுப்பிலேயே இது கிடந்திருக்கிறது. பத்து மணிக்கு ஜுரம் இல்லை. இருக்காது, மருந்து அப்போது உள்ளே இருந்தது. நான் கேட்டது பதினொன்றுக்கு. அதற்குப் பதில் இன்னும் வரவில்லை. வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு டீ குடித்தேன். டீ குடித்தேனே, சண்டாளி, ருசித்துக் குடித்தேனே. ஒருவேளை அண்ணன் ஓடிப்போய்க் கொடுத்திருந்தால்? ஓட மாட்டார், அவருக்கு முட்டி வலி. ஒருவேளை இதுவே புதுச் சீட்டாக இருந்தால்? இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இரண்டு தரம் கேட்டு ஒரே பதில் வந்தால் எதற்கு வந்தது என்று எந்தச் சாமியைக் கேட்பது? நல்லதாக இருக்கிறது என்பதற்காக நம்பினேன். ஜுரம் இருக்கிறது என்று வந்திருந்தால் இப்போது எங்கே உட்கார்ந்திருப்பேன்? மணி பதினொன்று இருபத்தி நாலு. ஓட்டம் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. இப்போது எழுந்தால் இன்றைய நோட்டு முழுக்கக் குப்பை, மேனேஜர், மறுபடி மாப்புக் குச்சி, அந்த பினாயில் வாசம். வாசம் கிடக்கட்டும். சொல்லணுமே. சொல்லாமல் போனால் ஓடிப்போனாள் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் பாவாடை நுனியைச் சுருட்டிக்கொண்டே நிற்பாளே, அதே சுருட்டல், முந்தானை நுனி கையில் கயிறாகிக்கொண்டிருந்தது. கண்ணில் கறுப்பே இல்லை. எத்தனை நிமிஷம் இருந்துச்சு? பெத்தவ, நேரத்தைப் பாக்கலியா?

'சார்' என்றாள். ஹெட்ஃபோன் காதில் இருந்தது, கேட்கவில்லை. அவள் போய் அவர் மேசையில் தட்டினாள். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார், ஆறு மாசத்தில் அவள் தட்டினதே இல்லை. 'அந்த நாப்பதுங்க சார். அதைக் கணக்குல சேக்காதீங்க.' 'எது?' 'ரெண்டாவது தடவை கேட்டதுக்கு வந்த பதில் இல்லீங்க அது. மொதத் தடவை கேட்டதுக்கு வந்தது. வெளிய நின்னுட்டு இருந்துட்டு, கதவைத் தொறந்ததும் வந்திருச்சு. ரெண்டு தடவை கேட்டு ஒரு பதில் வந்தா அது எதுக்குன்னு தெரியாதுங்க. தெரியாததை எப்படிங்க சேக்கறது?' அவர் நோட்டை இழுத்து நாற்பதைப் பார்த்தார். 'இருங்க, இருங்க. மறுபடி சொல்லுங்க, மெதுவா.' 'என்னால இருக்க முடியாதுங்க. என்ற பாப்பாவுக்கு ஒடம்பு சுடுதோ என்னமோ, எனக்குத் தெரியலீங்க, நான் போகோணும்.' டப்பாவை எடுத்து அவர் மடியில் வைத்தாள், பால் குடிக்கிற பிள்ளையைக் கை மாற்றுகிற மாதிரி. கதவைத் திறந்தாள். சிவப்பு பல்பு எரிந்துகொண்டே இருந்தது.

லிஃப்டுக்கு முன்னால் எட்டுப் பேர். படியில் இறங்கினாள். மூன்றாவது மாடி வளைவில் சாந்தாமணியக்கா தட்டோடு எதிரே வந்தாள், 'சீட்டு கெடச்சுச்சா புள்ள? அந்த மீட்டிங்காரனுக என்னயப் புடிச்சு வெச்சுக்கிட்டானுக, பத்து மணிக்கு வாங்குனது...' அதற்குமேல் அவள் கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. மேலே இருந்து படிக்கட்டுக் கிணற்றில் தினகரன் சாரின் குரல் விழுந்தது: 'நாகமணி! இந்த மாதிரி எத்தனை தடவை வந்துச்சுங்க?' 'நோட்டுல இருக்குதுங்க! பீரோவைத் தொறந்த பக்கமெல்லாம் பாருங்க!' என்று அவள் கத்தினாள். தன் குரல் நாலு மாடியிலும் மோதித் திரும்பி வந்ததைக் கேட்டு, இது யாரென்று ஒரு கணம் அவளுக்கே தெரியவில்லை. இரண்டாவது மாடி. காலில் செருப்பு இல்லை, அறைக்கு வெளியே விட்டது அங்கேயே கிடக்கிறது. ஒன்றும் இருக்காது. தூங்கிக்கொண்டிருப்பாள். தூக்கத்தில் வலிப்பு வந்தால் யாருக்குத் தெரியும், எட்டுப் பிள்ளைகள், ஒரு ருக்மணியம்மா. ஒன்றும் இருக்காது. இருந்தால் முதலில் மணியைப் பார்க்கணும். மணியைப் பார், அப்புறம் அழு. வெளியே வெயில் தார் ரோட்டில் அனலாய்க் காய்ந்தது, உள்ளங்கால் பொசுங்கியது, நிறுத்தியிருந்த வண்டிகளுக்கு நடுவே பக்கவாட்டில் நுழைந்து ஓடினாள்.

ருக்மணியம்மா தரையில் சம்மணம் போட்டு, கனிஷ்காவை ஒரு தொடையில் கிடத்தி, மறு தொடையில் அட்டையை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். பென்சில் பாதியில் நின்றது. 'அட, நீயே வந்துட்டியா. இப்பத்தான் மயிலு சீட்டைக் குடுத்துட்டுப் போறாரு, இப்பத்தான் எழுதறேன்.' அட்டையில் 'ஆமா. நெம்ப' என்கிற வரைக்கும் இருந்தது. நாகமணி குழந்தையை அள்ளினாள். சுட்டது. புடவையைத் தாண்டி, ரவிக்கையைத் தாண்டிச் சுட்டது, அடுப்பிலிருந்து இறக்கின குண்டானை அணைத்துக்கொண்ட மாதிரி. ஆனால் கண்ணில் கறுப்பு இருந்தது. இரண்டு கண்ணிலும் இருந்தது, மங்கலாக, அவளையே பார்த்தது, உதடு பிதுங்கி 'ம்மா' என்றது. 'அரை மணியா ஏறிட்டிருக்குது கண்ணு. மருந்து ஊத்தலாம்னா உன்ற கையெழுத்து வேணும். தண்ணித் துணி மட்டும் போட்டேன்.' மூடியில் கோடு வரைக்கும் ஊத்தி, கன்னத்தைப் பிதுக்கி, ஓரமாக விட்டாள். மூன்று மடக்கு. துப்பவில்லை. ருக்மணியம்மா நோட்டை நீட்டினார். 'பேரு எழுதி, மருந்து எழுதி, மணி போட்டுக் கையெழுத்துப் போடு. மணி முக்கியம். அடுத்தவாட்டி எப்பன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?' சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று முப்பத்திரண்டு. குண்டு குண்டாக எழுதினாள்.

அப்புறம் செய்ய ஒன்றுமில்லை. குழந்தையின் சட்டையைக் கழற்றி, துணியை நனைத்து, அக்குளில், கழுத்து மடிப்பில், தொடையிடுக்கில் ஒத்தினாள். துணி சூடாயிற்று, நனைத்தாள், மறுபடி சூடாயிற்று. மேலே என்ன நடக்கிறதோ, வேலை இருக்கிறதோ போயிற்றோ, அந்த நினைப்பு வந்தது, வாசலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. பக்கத்தில் ஒரு பிள்ளை எழுந்து உட்கார்ந்து அவளை முறைத்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. நெற்றியைத் தொட்டுப் பார்க்கக் கை துருதுருத்தது. ஐந்து நிமிஷம் முன்னால்தான் தொட்டாள், அதற்கு முன்னால் இரண்டு நிமிஷம். தொட்டுத் தொட்டுப் பார்த்தால் எது இறங்கின சூடு, எது தன் கையின் சூடு என்றே தெரியாமல் போகும். கையை மடக்கித் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். பொறு. மருந்து இப்போதுதான் கிளம்பியிருக்கிறது. வயிற்றுக்குப் போகணும், ரத்தத்துக்குப் போகணும், திரும்பி வந்து தோலில் சொல்லணும். அது வருகிற வழி வரட்டும். பன்னிரண்டு ஆயிற்று. வெளியே சாப்பாட்டு மணி அடித்தது, ஆட்கள் பேசிக்கொண்டே போனார்கள், யாரோ பெரிதாகச் சிரித்தார்கள். பன்னிரண்டு ஐந்து. குழந்தை ஒரு தரம் முனகி, முகத்தை அவள் வயிற்றுப் பக்கமாகத் திருப்பிக்கொண்டது. திரும்பினபோது காதுக்குப் பின்னால், மயிர் முளைக்கத் தொடங்குகிற இடத்தில், என்னவோ மினுங்கியது. துணியின் ஈரமாக இருக்கும் என்று முந்தானையால் ஒத்தி எடுத்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒத்தின இடத்தில், தானாக, தோலுக்குள்ளிருந்து, கடுகளவு ஒரு வியர்வைத் துளி எழும்பி நின்றது. பக்கத்தில் இன்னொன்று. நாகமணி நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள்.